வெயிலுக்குக் கோட்டு மாட்டியவர்கள்

மலேசியச் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று மோட்டார் சைக்கிள்காரர்களைப் பாருங்கள். பலர் ஜாக்கெட்டை முன்பின் மாற்றிப் போட்டிருப்பார்கள். ஸிப் முதுகில் திறந்து கிடக்கும், நெஞ்சு மட்டும் மூடியிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய சிரிப்பு. ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. வெயிலும் எதிர்காற்றும் திடீர் மழையும் முன்பக்கமாக வருகின்றன, புழுக்கம் பின்பக்கமாக வெளியேறுகிறது. சிக்னலில் நின்றதும் கழற்றவும் சுலபம். இந்த வட்டாரத்தில் வெப்பத்தை மட்டுமே மனத்தில் வைத்து ஆண்கள் உடுத்திய உடைகளுக்கு ஒரு பட்டியல் போட்டால் அது ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும். அதில் இந்தத் திருப்பிப் போட்ட ஜாக்கெட்டுக்கு ஓர் இடம் உண்டு, கைலிக்கு ஓர் இடம் உண்டு. மற்ற உடைகளை எல்லாம் ஆண்கள் வெயிலுக்காகப் போடவில்லை, யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காகப் போட்டார்கள்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடலாம். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 137 கிலோமீட்டரில் இருக்கிறது. பகலில் 31, 32 டிகிரி சர்வசாதாரணம். அந்த எண் மட்டும் பெரிய விஷயமில்லை, மதுரைக்காரர் கேட்டால் சிரிப்பார். இங்கே பிரச்சினை ஈரப்பதம். சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். உடம்பு குளிர்வது வியர்வை வழிவதால் அல்ல, வியர்வை காய்வதால். காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, சட்டைக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் இந்த ஊருக்கு ஏற்ற உடை எது என்ற கேள்விக்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. குறைவாகப் போடு, தளர்வாகப் போடு, அவ்வளவுதான். மலாய்க் கம்பத்து ஆண்களுக்கும் தோட்டத்து லயத்துத் தாத்தாக்களுக்கும் இது தெரிந்திருந்தது. தெரியாததுபோல நடந்துகொண்டவர்கள் இந்த ஊரை ஆண்டவர்கள்.

ஆரம்பத்தில் அவர்களும் அப்படி இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பலர் உள்ளூர் ஆட்களைப் பார்த்துத் தளர்வான அங்கியும் பைஜாமாவும் போட்டுக்கொண்டு சுகமாக இருந்தார்கள். அந்த அங்கிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பனியன்'. இந்திய வணிகர்களைக் குறித்த சொல் அது. பின்னாளில் திருப்பூரில் தைத்து உலகத்துக்கே அனுப்பும் உள்ளாடைக்குப் பெயராகி நம்ம வீட்டுக் கொடியில் தொங்குகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் காற்று மாறியது. கம்பெனி அதிகாரிகள் பொது நிகழ்ச்சிகளில் இந்திய உடை அணியக் கூடாது என்று 1830இல் தடையே வந்துவிட்டது. வியாபாரம் செய்ய வந்தபோது உள்ளூர்க்காரன் மாதிரி இருந்தால் பரவாயில்லை. ஆளத் தொடங்கிய பிறகு அப்படி இருக்க முடியாது. வித்தியாசம் தெரிய வேண்டும், தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

அந்த வித்தியாசத்துக்கு மருத்துவமும் கைகொடுத்தது. வெப்பமண்டலத்து வெயில் வெள்ளைக்காரன் உடம்புக்குள் புகுந்து நரம்பையும் மூளையையும் கெடுத்துவிடும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் தடித்தடிப் புத்தகங்கள் எழுதினார்கள். பிலிப்பைன்ஸில் பணியாற்றிய அமெரிக்க இராணுவ மருத்துவர் சார்லஸ் உட்ரஃப் 1905இல் இதற்காகவே ஒரு நூல் வெளியிட்டார். விளைவு என்ன? தோலை ஒட்டிக் கம்பளித் துணியில் உள்ளாடை. குளிர் பிடித்துக் காலரா வந்துவிடக் கூடாது என்று இடுப்பைச் சுற்றி ஒரு கம்பளிப் பட்டை. முதுகுத்தண்டில் வெயில் படாமலிருக்கச் சட்டைக்குள் ஒரு பஞ்சுத் திண்டு. 32 டிகிரி வெப்பத்தில் இத்தனையும்! அமெரிக்க இராணுவம் இன்னும் ஒருபடி மேலே போய்ப் பிலிப்பைன்ஸில் இருந்த தன் சிப்பாய்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பு நிறத்தில் உள்ளாடை கொடுத்துச் சோதித்தது. அந்த நிறம் கெட்ட கதிர்களைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. சோதனை முடிவு 1910இல் வெளிவந்தது: பலன் ஒன்றும் இல்லை, போட்டவர்களுக்குச் சூடுதான் கூடியது. அந்தச் சிப்பாய்களிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே தொப்பி. 'சோலா' தொப்பி என்பதைச் சூரியனோடு சேர்த்து 'சோலார்' தொப்பி என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் சோலா என்பது ஒரு நீர்த்தாவரம். தமிழில் நாம் நெட்டி என்று சொல்வது அதைத்தான். தஞ்சாவூரில் கோயில் மாதிரிகளும் மாலைகளும் செய்யும் அதே வெள்ளை நெட்டி. அதைத்தான் தொப்பி வடிவில் ஒட்டி, மேலே துணி போர்த்தி, சாம்ராஜ்யத்தின் தலையில் வைத்தார்கள். பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் நெட்டி மாலை போட்டுப் பழகியவர்களுக்கு, துரை தலையில் அதே சரக்கு உட்கார்ந்திருப்பது என்னவாகத் தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் 1944இல் இந்தத் தொப்பியைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். வெள்ளைக்காரன் தலைக்கு வெயில் ஆகாது என்ற நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கை என்பது அவர் கருத்து. ஆள்பவன் உடம்பும் ஆளப்படுபவன் உடம்பும் வேறுவேறு என்று ஓயாமல் காட்டிக்கொண்டிருக்க வேண்டிய தேவையிலிருந்துதான் அது பிறந்தது என்றார். இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்கள் தொப்பி இல்லாமல் வெயிலில் அலைந்தார்கள். யாருக்கும் மூளை உருகவில்லை. தொப்பியும் சத்தமில்லாமல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

மலாயாவில் துரைமாரின் சீருடை 'துத்துப்' என்ற வெள்ளைக் கோட்டு. துத்துப் என்றால் மலாயில் மூடு என்று அர்த்தம். பெயருக்கேற்றபடி கழுத்து வரை பொத்தான் போட்டு மூடியிருக்கும். காற்று வேண்டிய ஊரில் உடைக்கு 'மூடு' என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல! அது கஞ்சி போட்டு விறைப்பாக இருக்க வேண்டும், வெள்ளையாகவும் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் வியர்வையில் நனைந்துவிடும், அப்புறம் இன்னொன்று மாற்ற வேண்டும். ஒருவர் ஒரு நாளில் இரண்டு மூன்று மாற்றினால் துவைப்பது யார்? சிங்கப்பூரில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி அடித்துத் துவைத்துப் பக்கத்துத் திடலில் காயப்போட்ட இடத்துக்குத்தான் டோபி காட் என்று பெயர். அவர்கள் இடுப்பில் ஒரு துணியோடு தண்ணீரில் நின்று வேலை செய்தார்கள். துரையின் உடை எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு வேலை உடை குறைந்தவர்கள் தலையில் விழுந்தது. இன்று அந்த இடத்துக்கு அடியில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. குளிர்சாதனக் காற்றில் கசங்காத சட்டையோடு போகிறவர்கள், எந்த ஓடைமேல் நடக்கிறோம் என்று நினைப்பதில்லை.

அதே காலத்தில் அதே ஊரில் வெயிலைச் சரியாகப் புரிந்துகொண்ட வங்கிக்காரர்கள் இருந்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், கோலாலம்பூர் அம்பாங் ஸ்திரீட் கிட்டங்கிகளில் உட்கார்ந்திருந்த செட்டியார்கள். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு துண்டு, முன்னால் ஒரு கைப்பெட்டி, தரையில் பாய். அவ்வளவுதான் அலுவலகம். சுரங்கக்காரரும் தோட்டக்காரரும் வியாபாரியும் அங்கே கடனுக்கு வந்தார்கள். கோட்டும் டையும் போட்டவர் வியர்த்து வழிய நிற்பார், கடன் கொடுப்பவர் திறந்த மார்போடு காற்று வாங்கிக்கொண்டு வட்டி சொல்வார். பணம் யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், அதை நிரூபிக்கக் கோட்டு தேவைப்படவில்லை போலிருக்கிறது.

கைலியின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மலாய்க்காரர்கள் மாலையில் உடுத்தும் கட்டம்போட்ட துணிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காடு. ஆமாம், சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் அதே பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணியை வாங்கி, கிழக்கே தீவுகளுக்குக் கொண்டுபோய், மசாலாவாக மாற்றுவது அவர்கள் தொழில். அவர்களுக்கு முன்னும் பின்னும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இதே துணியைக் கப்பலேற்றினார்கள். ஊரின் பெயர் துணிக்கு ஒட்டிக்கொண்டது. இன்று அஞ்சடியில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கும் மலாய் பாக்சிக்கும், எதிர்வீட்டு வாசலில் பேப்பர் படிக்கும் தமிழ்ப் பெரியவருக்கும் இடுப்பில் ஒரே குடும்பத்துத் துணி. இரண்டு பேரும் அதைத் தங்களுடைய பாரம்பரியம் என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

இதுவரை சொன்னதைச் சிரித்துக்கொண்டே படித்திருக்கலாம். தோட்டத்துக்குள் போனால் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

ரப்பர் தோட்டத்தில் ஒருவர் யார் என்பதை அவர் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். துரைக்குப் பூட்ஸ், முழங்கால் வரை நீண்ட காலுறை, அரைச் சிலுவார். கிராணிக்குச் சப்பாத்தும் கஞ்சி போட்ட வெள்ளைச் சிலுவாரும். பால்மரம் வெட்டுகிறவருக்கு வெறுங்கால். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு வந்து நிற்கும் அந்த வரிசையில் உடை ஒரு ஏணி. கிராணி துரையைப் பார்த்து உடுத்தினார், மண்டோர் கிராணியைப் பார்த்து உடுத்தினார். 'கறுப்பு வெள்ளைக்காரன்' என்று தொழிலாளர்கள் சொன்னது வெறும் குணத்தைப் பார்த்து அல்ல, கோலத்தையும் பார்த்துத்தான். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: துரை எதிரே வந்தால் பிடித்திருக்கும் குடையை மடக்க வேண்டும், தலையில் கட்டிய துண்டை அவிழ்க்க வேண்டும், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும், சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். கவனியுங்கள். வெயில் பட்டால் மூளை கெட்டுவிடும் என்று தலையில் நெட்டியைச் சுமந்தவர், எதிரே வந்த தொழிலாளியின் குடையை மடக்கச் சொன்னார். அந்தத் தலைக்கும் அதே வெயில்தானே?

1941 மார்ச் தொடங்கி மே மாதம் வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். அவர்கள் வைத்த கோரிக்கைகள் 12. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பெண்களைத் தொல்லை செய்வதற்கு முடிவு, மருத்துவ வசதி, குழந்தைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு வரி தனியாகத் தெரியும்: வெள்ளைக்கார நிர்வாகிகள் முன்னும் ஆசியச் சிப்பந்திகள் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை. வயிற்றுக்கான கோரிக்கைகளுக்கு நடுவே முதுகு நிமிர்வதற்கான கோரிக்கை. அதைச் சின்ன விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை, அரசாங்கமும் நினைக்கவில்லை. நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1943 ஜூலை 5ஆம் தேதி, சிங்கப்பூர் பாடாங்கில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். இராணுவ உடை, தொப்பி, உயரமான பூட்ஸ். ஜூலை வெயிலில் அந்த உடை எவ்வளவு புழுங்கியிருக்கும்! வெப்பக் கணக்குப் பார்த்தால் துரையின் துத்துப் கோட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பிறகு அந்தப் படையில் சேர்ந்தவர்களில் ஏராளமானவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். வெறுங்காலோடு பெரட்டில் நின்றவர்கள். முதல்முறை பூட்ஸ் போட்டுக் கால் கொப்பளித்தவரிடம் போய், 'அண்ணே, இந்த ஊர் வெயிலுக்கு இது தேவையா?' என்று கேட்டுப் பாருங்கள். குடையை மடக்கச் சொல்லிக் கேட்டுப் பழகியவருக்கு அந்த வியர்வை பெரிதாகத் தெரிந்திருக்காது.

அதனால்தான் பழைய குடும்பப் படங்களைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தாத்தா கோட்டுப் போட்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார். கோட்டு தோளில் தொங்கும், கை நீளம் விரலை மறைக்கும், சில படங்களில் கோட்டுக்குக் கீழே வேட்டி, அதற்கும் கீழே வெறுங்கால். பல ஸ்டூடியோக்களில் வாடிக்கையாளர்களுக்கென்றே ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். ஊரில் பலபேர் வியர்வையை வாங்கிய கோட்டு அது. ஊருக்கு அனுப்பும் படத்தில் தான் கூலியாகத் தெரியக் கூடாது என்று ஒருவர் விரும்பியதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? அந்த அளவு சரியில்லாத தோளைப் பார்த்துச் சிரிப்பு வரத்தான் செய்கிறது, கூடவே வேறொன்றும் வருகிறது.

கோட்டைக் கழற்றியதும் ஒரு அரசியல்தான். 1959 ஜூன் 5ஆம் தேதி சிங்கப்பூரின் புதிய அமைச்சரவை நகர மண்டபத்தில் பதவியேற்றபோது அமைச்சர்கள் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சிலுவாருமாக வந்தார்கள். கோட்டு இல்லை. வெள்ளை என்றால் ஊழலற்ற கை என்று கட்சி விளக்கம் சொன்னது. துரைமாரும் வெள்ளைதான் போட்டார்கள், ஆனால் கழுத்தை மூடிப் போட்டார்கள். இவர்கள் கழுத்தைத் திறந்துவிட்டார்கள். நூற்றாண்டு கழித்து ஆட்சிப் பீடத்துக்குக் கொஞ்சம் காற்று வந்தது.

நல்ல கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அதே லீ குவான் யூ, பிரதமரானதும் தான் முதலில் செய்த காரியங்களில் ஒன்று அரசாங்க அலுவலகங்களில் குளிர்சாதனம் பொருத்தியது என்று பின்னாளில் சொன்னார். கடந்த ஆயிரமாண்டின் பெரிய கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டபோதும் அவர் குளிர்சாதனத்தைத்தான் சொன்னார். வெப்பமண்டலத்தில் அலுவலக வேலை நடப்பதற்கு அதுவே காரணம் என்பது அவர் கட்சி. உண்மைதான். கூடவே இன்னொன்றும் நடந்தது. அறை குளிர்ந்ததும், கழற்றிய கோட்டு மெல்லத் திரும்பி வந்து நாற்காலி முதுகில் தொங்க ஆரம்பித்தது. இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகங்களில் 22 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டு, குளிருக்கு ஜாக்கெட் போடுகிறார்கள். அப்புறம் மதியம் பசியாற வெளியே வந்து, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, லக்சா சாப்பிட்டு வியர்க்கிறார்கள். வெளியே எறிந்த சூட்டைத் தெரு வாங்கிக்கொள்கிறது. மலேசியா இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கம் காட்டியது. அரசு ஊழியர்களுக்கு வியாழக்கிழமை பாத்தேக் சட்டை. உள்ளே செருகாத, டை கட்டாத, தொப்பையை மன்னிக்கிற சட்டை. வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் உடம்பை நினைத்துப் பார்க்கிறது.

குளிர்சாதனம் எட்டாத இடத்தில் இருப்பவர்கள் யார்? சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் நண்பகலில் பாருங்கள். முழுக்கைச் சட்டை, மேலே ஒளிரும் அங்கி, கனமான பாதுகாப்புச் சப்பாத்து, தலைக்கவசம், அதற்குள் கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றிய துணி. வெயிலில் நிற்கிறவர்தான் இன்று அதிகமாக மூடியிருக்கிறார். சாயங்காலம் விடுதியில் அவர்களைப் பார்த்தால் கைலிதான். பலருக்குச் சொந்த ஊர் தமிழ்நாடு, பழவேற்காடு இருக்கும் அதே கரை. 2023 அக்டோபரில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு ஒரு விதியைக் கொண்டுவந்தது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் உலகளாவிய வெப்பநிலை 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடின வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு கட்டாயம். 33ஐத் தொட்டால் 15 நிமிடம். துரையின் தலையைக் காப்பாற்ற 1905இலேயே புத்தகம் வந்துவிட்டது. கூலிக்காரர் உடம்புக்கு நிமிடக் கணக்கில் விதி வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

வந்தது நல்லதுதான். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதலில் தலைக்கவசம் கழலும், அடுத்து முகத்துத் துணி, அப்புறம் சப்பாத்து. அட்டையை விரித்து, வெறுங்காலைச் சிமென்ட் தரையில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். வெயிலுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரம்தான் கொடுக்க வேண்டியிருந்தது.